தலை உருளாத 2019: ஜூலியன் பிரிஸ்புவாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிரிஸ்புவா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தமிழ் படிக்கப் போவதில்லை. இருந்தாலும், தோற்ற மறுநாளே ‘கோச்சை மாத்து’ என்று கிளம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களாவது படிக்கட்டும் என்றுதான் உங்கள் பெயரில் எழுதுகிறேன்.

2018-19 சீசனில் உங்கள் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியான டாம்பா பே லைட்னிங் 82 ஆட்டங்களில் 62 வென்றது. ஸ்டீவ் ஐசர்மன் விலகி, நீங்கள் பொது மேலாளராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் முதலாவதில் எதிரே கொலம்பஸ், கடைசி இடத்தைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு வந்த அணி. முதல் ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலை, முடிந்தபோது 3-4. அப்புறம் இன்னும் மூன்று தோல்வி, கதை முடிந்தது.

அன்று கோச் ஜான் கூப்பரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஏனென்று கேட்க ஆள் இருந்திருக்காது. நீங்கள் அனுப்பவில்லை. ஸ்டாம்கோஸ், ஹெட்மன், குச்செரோவ், வசிலெவ்ஸ்கி என்று நட்சத்திர வீரர்கள் யாரையும் விற்கவுமில்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. அணிக்கான சம்பள வரம்புக்குள் அடங்க ஜே.டி. மில்லரை வான்கூவர் அணிக்குக் கொடுத்து, ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையை, அதாவது புது இளம் வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையை, வாங்கினீர்கள். 2020 பிப்ரவரியில் அதையும் ஒரு இளம் வீரரையும் கொடுத்து நியூ ஜெர்சியிலிருந்து பிளேக் கோல்மனைக் கொண்டுவந்தீர்கள். சில நாளில் இன்னொரு முதல் சுற்று உரிமை போனது, பார்க்லே குட்ரோ வந்தார். கோல் எண்ணிக்கையில் பெரிய பெயர்கள் இல்லை இருவரும். இவ்வளவு விலையா என்று எனக்கே தோன்றியது.

2021 இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம் வாயை அடைத்தது. இரண்டாம் பகுதி முடிய ஒரு நொடி சொச்சம். குட்ரோ பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தள்ளுகிறார். கோல்மன் பனியில் பாய்ந்து விழுந்தபடியே ஒற்றைக் கையால் மட்டையை நீட்டி எதிரணி கோல்கீப்பர் கேரி பிரைஸைத் தாண்டி உள்ளே அனுப்புகிறார். நட்சத்திரங்கள் நிறைந்த அணிக்கு இப்படி விழுந்து புரள்கிற ஆள்தான் தேவை என்று மேலே இருப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்தபிறகு கீழே யாரும் சொகுசாக ஆட முடியாது. 2020, 2021 இரண்டு சாம்பியன் கோப்பையும் வந்தன. 2020 முதல் சுற்றில் அதே கொலம்பஸை ஐந்து ஓவர்டைம் ஆடி வென்று தொடங்கியதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஒரு மனக்குறையும் உண்டு. 2024இல் ஸ்டாம்கோஸை நாஷ்வில்லுக்குப் போகவிட்டீர்கள். 2008இல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த பையன், பத்து வருடம் கேப்டன். அவர் இடத்துக்கு வந்த கென்ட்சல் முதல் சீசனிலேயே 41 கோல் போட்டார், கணக்கு சரிதான். ஆனால் 2019இல் நீங்கள் காட்டிய பொறுமை ஆளுக்கா, ஆட்டத்துக்கா என்று அன்று முதல் யோசிக்கிறேன். டிரெஸ்ஸிங் ரூமில் இருக்கிற இளசுகளும் இதை யோசித்திருப்பார்கள். கேப்டன் பொறுப்பை ஹெட்மனுக்குக் கொடுத்தீர்களே, அந்த மட்டில் நல்லது.

இப்படிக்கு,
தூரத்து ரசிகன்