தண்டுவடப் பிளவோடு பிறந்த உன் பேத்தி: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியோடு, அவளுடைய முதுகின் அடிப்பகுதியில் தோல் மூடாமல் கொப்புளம் போல ஒன்று இருந்ததையும், மறுநாளே அறுவை சிகிச்சை செய்து அதை மூடியதையும் எழுதியிருந்தாய். குழந்தைகள் நரம்பு அறுவைப் பிரிவில் செவிலியாகக் காலம் கழித்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறாய். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தன்னால்தான் இப்படி ஆயிற்றோ என்று உன் மகள் அழுவதாக எழுதியிருக்கிறாயே, அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். கருவின் முதுகுப்புறத்தில் தட்டையாக இருக்கும் ஒரு படலம், இரு ஓரங்களும் உயர்ந்து மடிந்து ஒன்றுசேர்ந்து குழலாகிறது. அதன் மேல்பகுதி மூளையாகவும், மற்றது தண்டுவடமாகவும் வளர்கிறது. கரு உருவாகி 28 நாட்களுக்குள் இந்தக் குழல் மூடிவிட வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாவதில்லை, அந்தக் குழந்தை பிழைப்பதுமில்லை. கீழே மூடாமல் போவதுதான் தண்டுவடப் பிளவு, உன் பேத்திக்கு நேர்ந்தது அதுதான். மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் இதெல்லாம் முடிந்துவிடுகிறது என்பதால், அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போனதோ, படி ஏறியதோ, மனம் வருந்தியதோ இதற்குக் காரணமாக இருக்கவே முடியாது. கட்டுப்படாத சர்க்கரை நோய், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள், மரபணுக் கூறுகள் எனச் சில காரணங்கள் அறியப்பட்டிருந்தாலும், பெரும்பாலான குழந்தைகளிடம் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது.

ஆனால் அடுத்த கர்ப்பத்துக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏற்கெனவே இப்படியொரு குழந்தையைப் பெற்ற பெண்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டபோது, மீண்டும் அவ்வாறு நேர்வது 72 விழுக்காடு குறைந்ததை 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. மற்றப் பெண்களில் பெரும்பாலோருக்கு 0.4 மில்லிகிராம் போதும். கர்ப்பம் உறுதியான பிறகு முதல் பரிசோதனையின்போது இந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். குழலைப் பொறுத்தவரை அதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கும். உன் இளைய மகளும் திருமணத்துக்குப் பின் மருத்துவரிடம் இந்தக் குடும்பச் செய்தியைச் சொல்லி, தனக்கு எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

கருவிலேயே அறுவை சிகிச்சை செய்திருக்கலாமோ என்றும் கேட்டிருந்தாய். 26 வாரங்களுக்குள் செய்தால் பின்னாளில் ஷன்ட், அதாவது மூளையில் கோர்க்கும் நீரை வடிக்கும் குழாய், பொருத்த வேண்டிய தேவை ஏறத்தாழ பாதியாகக் குறைவதாக 2011இல் வந்த ஆய்வு கண்டது. ஆயினும் குறைப்பிரசவமும், தாயின் கருப்பைக்கு ஆபத்தும் அதில் கூடுதல். அது எல்லாருக்கும் கிடைக்கும் சிகிச்சையும் அல்ல. அந்த எண்ணத்தை விட்டுவிடு.

"நடப்பாளா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், நீயும் கேட்டிருக்கிறாய். பிளவு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கால்களில் வலு இருக்கும். அடிமுதுகில் என்றால் கணுக்காலுக்குத் தாங்கு பட்டையோடு நடக்கும் பிள்ளைகள் பலர். ஆனால், சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் தண்டுவடத்தின் கடைசிப் பகுதியிலிருந்து கிளம்புவதால், நன்றாக நடக்கும் குழந்தைக்கும் சிறுநீர்ப்பை சரியாக இயங்காமல் இருக்கலாம். துணி நனைகிறது என்பதை நம்பி இருந்துவிடாதே. நிரம்பி வழிந்தாலும் துணி நனையத்தான் செய்யும், உள்ளே தேங்கும் சிறுநீரோ அழுத்தம் கூடிச் சிறுநீரகங்களுக்கு ஏறி அவற்றைக் கெடுத்துவிடும். ஆகவே சிறுநீரக ஸ்கேனும் சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனையும் எப்போது என்று இப்போதே கேள். 1972இல் லாப்பிடீஸ் என்ற மருத்துவர் எடுத்துரைத்த எளிய முறை இந்தப் பிள்ளைகளின் ஆயுளையே மாற்றியது: கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, சிறுநீர் முழுவதும் வடிந்ததும் எடுத்துவிடுவது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் தடவை கை நடுங்கும் தாய்மார்கள், சில நாட்களிலேயே குழந்தையோடு பேசிக்கொண்டே அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பள்ளி வயதில் சிறுமிகள் கண்ணாடி வைத்துத் தாங்களே செய்யப் பழகிவிடுகிறார்கள்.

மூளையில் நீர் கோர்ப்பதையும் கவனிக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தலைச் சுற்றளவை நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். உச்சிக்குழி புடைத்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, கருவிழி கீழிறங்கி அதற்கு மேலே வெண்மை தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள். ஷன்ட் பொருத்திய பிறகும் இதே அறிகுறிகள் அது அடைபட்டதைக் காட்டக்கூடும். லேடெக்ஸ் என்ற இயற்கை ரப்பரால் ஆன கையுறைகளால் இக்குழந்தைகளுக்கு ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் முடிவு வந்ததும் எழுது. பிளவு எந்த எலும்பு மட்டத்தில் இருந்தது என்பதை அறுவைக் குறிப்பில் பார்த்து அதையும் சேர்த்து எழுதினால், எந்த வகைப் பயிற்சிகளைப் பற்றி அங்குள்ள இயன்முறை மருத்துவரிடம் கேட்கலாம் என்று விவரமாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி