எட்டு அங்குலம் என்று சொல்லி விற்ற படகு பற்றிய புகார்

அனுப்புநர்: தூண்டில் மீன்பிடி வழிகாட்டி, புன்னைக்காயல்.

பெறுநர்: நிர்வாக இயக்குநர், பைபர் படகு தயாரிப்பு நிறுவனம்.

நாள்: 20.01.2025

பொருள்: 2024 மார்ச்சில் வாங்கிய 17 அடி பிளாட்ஸ் போட் (கொஞ்சத் தண்ணீரில் தூண்டில் போடப் போகிற படகு) சொன்ன எட்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீரில் அமிழ்வதும், அதன் பின்பலகையில் தண்ணீர் இறங்கியதும் குறித்து.

ஐயா,

வணக்கம். தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலில், தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் கூட்டிப் போவது என் தொழில். கொடுவா, செப்பிலி, பாறை, இவைதான் எங்கள் மீன்கள். பெரிய கொடுவாவைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடச் சொல்வேன். அது ஆணாகப் பிறந்து வளர்ந்த பிறகு பெட்டையாக மாறுகிற மீன். பெரிதாகக் கிடைப்பதெல்லாம் முட்டை போடுகிற தாய் என்பதால் அதைக் கொல்ல மனசு வராது. வருகிறவர்களும் இதைப் புரிந்துகொண்டுதான் வருகிறார்கள். அவர்கள் கொடுக்கிற பணத்தில்தான் என் குடும்பம் நடக்கிறது.

என் பழைய வத்தை (சின்னப் படகு) 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், எனக்குத் தெரிந்த முகத்துவாரமே அங்கே இல்லை. ஆள் ஆழம் இருந்த இடத்தில் மணல் திட்டு. நடந்து கடந்த இடத்தில் மடுவு. அலையாத்திக் காட்டுக்குள் போகிற ஓடைகளின் வாயில் எல்லாம் புதுச் சேறு. இந்த ஆறு மண் தள்ளுவது புதிதில்லை. பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கை இன்றைக்குக் கடலை விட்டுத் தள்ளி வயல்காட்டுக்குள் கிடப்பதே அதனால்தான். ஆனால் இரண்டே நாளில் இவ்வளவு மாறி நான் பார்த்ததில்லை. கொஞ்சத் தண்ணீரில் போகிற படகு இருந்தால்தான் இனிமேல் பிழைப்பு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, எங்கள் கரைப் பக்கம் எல்லாரும் வைத்திருக்கிற பைபர் வள்ளம். அலைக்கு நல்லது, விலையும் தோது. ஆனால் கனம், ஓடைக்குள் போகாது. இரண்டாவது, அடி தட்டையான படகு. அது கொஞ்சத் தண்ணீரிலேயே மிதக்கும். ஆனால் மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் முகத்துவாரத்து அலையில் டமார் டமார் என்று அடித்து இடுப்பை முறித்துவிடும். அடி கூராக இருந்தால் அலையைக் கிழித்துக்கொண்டு சுகமாகப் போகும், ஆனால் ஆழம் கேட்கும். தட்டையாக இருந்தால் ஆழம் கேட்காது, அலையில் குதிக்கும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். படகு கட்டுகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக உங்கள் படகு வந்தது. இந்த வகை அமெரிக்காவின் புளோரிடாவில் பிறந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே கீஸ் தீவுகளைச் சுற்றிய முழங்கால் தண்ணீரில் போன்பிஷ், டார்பன் மீன்களைத் தேடிப் போகிற வழிகாட்டிகள், இன்ஜினைத் தூக்கிவிட்டு, அதற்கு மேல் கட்டிய மேடையில் ஏறி நின்று, நீளக் கழியை ஊன்றிச் சத்தமில்லாமல் தள்ளுவார்கள். அப்படி ஒரு படகை நம் ஊரிலேயே கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. திருநெல்வேலியில் உங்கள் டீலர் கடைக்கு மூன்று தடவை வந்தேன். அங்கே இருந்த தம்பி சொன்ன வார்த்தை இப்போதும் காதில் இருக்கிறது. "அண்ணாச்சி, எட்டு அங்குலம் தண்ணி போதும். முழங்காலுக்கும் கீழ. ஒங்க ஊர் ஓடையில சும்மா வழுக்கிக்கிட்டுப் போவும்." உங்கள் விளம்பரப் புத்தகத்திலும் அதே எட்டு அங்குலம் பெரிய எழுத்தில் இருந்தது. அதை நம்பித்தான், மனைவியின் நகையை அடகு வைத்து, இன்ஜின் இல்லாமல் வெறும் படகுக்கு 4,60,000 ரூபாய் கட்டினேன்.

எட்டு அங்குலத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், எங்கள் கடலில் ஏற்றவற்றம் குறைவு. மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில் கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஒரு மீட்டர் வித்தியாசம் வராது. அட்டமி, நவமியில் இன்னும் குறைவு. வடக்கே குஜராத்துக் கரையில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் ஏறி இறங்கும் இடங்கள் உண்டு. அங்கே நாலு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் பொறுத்தால் தண்ணீர் வந்துவிடும். இங்கே பொறுத்தாலும் வராது. நாலு அங்குலம் என்பது எனக்கு மாதத்தில் எத்தனை நாள் ஓடைக்குள் போக முடியும் என்கிற கணக்கு.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ண ஜெயந்திக்கு முந்தின நாள், அதாவது மறுநாள் அட்டமி. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டாக்டரும் அவர் மகனும் வந்திருந்தார்கள். வற்றம் தொடங்கியதும் ஓடை வாயில் கொடுவா வந்து காத்துக் கிடக்கும். அலையாத்தி வேருக்குள்ளிருந்து தண்ணீரோடு இறங்குகிற இறாலையும் மடவைக் குஞ்சையும் பிடிக்க அதற்கு அதுதான் நேரம். ஓடை வாய்க்கு இன்னும் முப்பது அடிதான் இருந்தது. மகன் பையன் முன்னால் தூண்டிலோடு தயாராக நின்றான். நான் மேடையில் நின்று கழியை ஊன்றித் தள்ளினேன். படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

அதே இடத்தில் தண்ணீர் என் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் நடுவில் இருந்தது. கம்பை விட்டு அளந்தேன், பதினொரு அங்குலம். இறங்கித் தள்ளினோம். டாக்டரும் இறங்கினார், அறுபதை நெருங்குகிற மனிதர். அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று அவர் பாதத்தைக் கிழித்துவிட்டது. நாங்கள் படகைத் தள்ளிக்கொண்டு கிடந்தபோது ஓடை வாயில் கொடுவா இரண்டு தடவை 'பொளக்' என்று வாய் திறந்த சத்தம் கேட்டது. பையன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

அதன் பிறகு நானே அளந்தேன். காற்று எழும்பாத விடியற்காலையில், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தபோது, மூன்று ஆளும் எப்போதும் கொண்டு போகிற சாமானும் வைத்து, படகின் பக்கத்தில் தண்ணீர் தொட்ட இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டேன். கரையேற்றி, அந்தக் கோட்டிலிருந்து அடி வரைக்கும் டேப் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டரை அங்குலம். உங்கள் எட்டு அங்குலம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அது இன்ஜின் இல்லாமல், பெட்ரோல் இல்லாமல், ஆள் இல்லாமல் வெறும் படகை மிதக்க விட்டு எடுத்த அளவு.

கணக்கைப் பாருங்கள். இந்தப் படகு தண்ணீரில் படர்ந்து நிற்கிற பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். அப்படியானால் 50 கிலோ ஏற்றினால் 1 சென்டிமீட்டர் அமிழும். இன்ஜின் 100 கிலோ, பெட்ரோல் 30, பேட்டரி 25, ஐஸ் பெட்டியும் மற்றதும் 40, மூன்று ஆள் 210. மொத்தம் 405 கிலோ, 8 சென்டிமீட்டர், அதாவது மூன்றேகால் அங்குலம். எட்டோடு சேர்த்தாலும் பதினொன்றேகால்தான் வருகிறது. மீதி ஒன்றேகால் அங்குலம் எங்கே போயிற்று? வெறும் படகை லாரியில் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டு போனேன். உங்கள் புத்தகத்தில் 280 கிலோ. எடைச் சீட்டில் 455 கிலோ. கட்டும்போதே இத்தனை கனமா, இல்லை, ஊறி ஊறி ஏறியதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஊறியிருக்கிறது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அக்டோபரில் இன்ஜின் மாட்டுகிற பின்பலகையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஓட்டையிலிருந்து கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால், ஊறிய அவல் மாதிரி மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டைக்குள் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ரெசின் பூசிய தடமே இல்லை, பச்சைப் பலகை. ஸ்க்ரூ இறக்குவதற்கு முன் ஓட்டைக்குள் ரெசினோ சீலன்டோ வைத்து அடைக்க வேண்டும் என்பது எங்கள் கரையில் வள்ளம் ஒட்டுப் போடுகிற பையனுக்கே தெரியும். இன்னொன்று, தண்ணீர் வடிகிற துளை படகின் அடிமட்டத்திலிருந்து ஒரு விரல்கடை மேலே இருக்கிறது. அந்த ஒரு விரல்கடைத் தண்ணீர் எப்போதும் உள்ளேயே நிற்கிறது. அடியில் அடைத்திருக்கிற நுரைப்பஞ்சும் அதைக் குடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சின்ன அலை கூட முன்பக்க மடிப்புக்குக் கீழே 'தப், தப்' என்று அறைகிறது. மீன் உடம்பின் பக்கக் கோட்டால் தண்ணீரின் அதிர்வை உணருகிற பிராணி. நாற்பது அடி தள்ளி நிற்கிற கொடுவா அந்த அறைச்சலில் விலகிப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேடையும் கழியும் மட்டும் வைத்துவிட்டால் அது பிளாட்ஸ் போட் ஆகிவிடாது.

நவம்பரில் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மெயிலும் போட்டேன். முதலில், சேற்றில் ஓட்டியதால் உத்தரவாதம் இல்லை என்றார்கள். சேற்றில் ஓட்டுவதற்கென்றே விற்ற படகு ஐயா இது. அப்புறம், உங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம், திருநெல்வேலி டீலர் பொறுப்பில்லை என்றார்கள். 1986 வரைக்கும் எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்த பூமி. விற்கும்போது இல்லாத எல்லை பழுதானதும் வந்துவிட்டது. கடைசியாக, வியாபாரத்துக்குப் பயன்படுத்தியதால் நான் நுகர்வோரே இல்லை என்று எழுதி அனுப்பினீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2(7) பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்த ஒரே படகு. அதை ஓட்டுவதும் நான் ஒருவன்தான்.

நான் கேட்பது இதுதான். படகை எடுத்துக்கொண்டு 4,60,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அப்படி முடியாது என்றால், சரியாக அடைத்த பின்பலகையோடு, சொன்ன எடையில் வேறு படகு கட்டிக் கொடுங்கள். புன்னைக்காயலில் என் முன்னால் இன்ஜினும் மூன்று ஆளும் ஏற்றி அளந்து, அந்த அளவை எழுத்தில் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொள்வேன். அது எட்டு அங்குலமாக இருக்க வேண்டும் என்று கூடப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். பத்தோ பதினொன்றோ, உண்மையான அளவு தெரிந்தால் அதற்குத் தக்க ஓடையைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியும். உங்கள் புத்தகத்திலும் ஆள் ஏற்றிய அளவையே போடுங்கள். மணப்பாட்டிலிருந்து ஒரு தம்பி இதே படகு வாங்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறான். உங்கள் பதில் வரட்டும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

30 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. ரசீது, எடைச் சீட்டு, அளந்தபோது எடுத்த படங்கள், உங்கள் புத்தகத்தின் அந்தப் பக்கம், எல்லாவற்றின் நகலும் இதோடு இருக்கிறது.

படகு என் வீட்டு முன்னால் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டாமல், ஓட்டையை அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். உங்கள் ஆளை அனுப்புங்கள், எந்த நாள் காலையில் வந்தாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படகை வாங்கிய வழிகாட்டி,
புன்னைக்காயல்.