அலுப்புக்கு முதல் மருந்து அடிமட்டம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

கிற்றாரை எடுத்தாலே விரல் நோகுது, அதே நாலு கோர்ட்டைத்தான் (சுரக்கூட்டைத்தான்) சுற்றிச் சுற்றி அடிக்கிறேன், ஆசையே விட்டுப்போச்சு என்று போனில் சொன்னாய். ஆசை போனதற்கு உன்னில் பிழை சொல்லமாட்டேன். பாதிப் பிழை கிற்றாரில்தான் இருக்கும். முதலில் அதைப் பார்.

கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அடிமட்டம் வைத்து அள. தடித்த ஆறாவது கம்பிக்கு 2.5 மில்லிமீற்றர், மெல்லிய முதலாவதுக்கு 2 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. 3.5ஐத் தாண்டினால் யார் வாசித்தாலும் கை நோகும். உடனே எதையும் தேய்க்காதே. ஆறாவது கம்பியை முதலாம் ஃபிரெட்டிலும் பதினாலாவதிலும் ஒரே நேரத்தில் அமத்திப் பார். ஏழாவதில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி போதும். அதைவிடக் கூட இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது; உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கவேண்டும். அதை நீ தனியாகச் செய்யவேண்டாம்.

கழுத்து சரியாக இருந்தால் குறைக்கவேண்டியது சாடில், அடியில் கம்பிகள் ஏறி நிற்கும் அந்த வெள்ளைத் துண்டு. கம்பிகளைத் தளர்த்தி அதைக் கழற்று. கண்ணாடித் துண்டின்மேல் சாண்ட்பேப்பரை விரித்து, அடிப்பக்கத்தை மட்டும் நேராகத் தேய். பன்னிரண்டாவதில் அரை மில்லிமீற்றர் இறங்கவேண்டுமென்றால் சாடிலில் ஒரு மில்லிமீற்றர் போகவேண்டும். கொஞ்சம் தேய், போட்டுப் பார், பிறகு தேய். கூடிப்போனால் கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும். பிறகு புதுச் சாடில்தான்.

கம்பியும் மாற்று. 12இல் தொடங்கும் செட் (மெல்லிய கம்பியின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) போட்டிருந்தால் 10இல் தொடங்கும் செட்டுக்கு இறங்கு. விரலுக்கு வித்தியாசம் அன்றைக்கே தெரியும். நீ இருக்கும் பொத்துவிலில் காற்றில் உப்பு, கையில் வியர்வை. இரும்புக் கம்பி அங்கே சீக்கிரம் கறள் பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்துவிடு. தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லி யாராவது சொன்னால் கேளாதே, தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும். தகரக் கூரைச் சூடு படும் சுவரில் சாய்த்து வைக்காதே, சூட்டில் பசை இளகி, சாடிலைத் தாங்கும் பாலம் கிளம்பும். குளித்து ஊறிய விரலோடும் வாசிக்காதே, தோல் இளகியிருக்கும், வெட்டும். நுனிவிரல் நோவு சில கிழமைகளில் போய்விடும். மணிக்கட்டு நோவு அப்படியில்லை, அது வந்தால் நிறுத்து.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விசயத்துக்கு வருகிறேன். கிற்றாரின் ஆறு கம்பியையும் ஒன்றும் அமத்தாமல் மீட்டு: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஜியைச் சட்சமாக வைத்துப் பார்த்தால் அவை ச, ரி, க, ப, த. அப்படியே மோகனம்! சின்ன வயதில் நீ பாட்டு ரீச்சரிடம் பாடிய மோகனம், சுருதி சேர்த்த கிற்றாரில் வெறும் கம்பியாகவே கிடக்கிறது. மூன்றாவது கம்பி வெறுமையாக ச, அதிலேயே இரண்டாவது ஃபிரெட் ரி. இரண்டாவது கம்பி வெறுமையாக க, அதில் மூன்றாவது ஃபிரெட் ப. முதலாவது கம்பி வெறுமையாக த, அதில் மூன்றாவது ஃபிரெட் மேல் ச. நடுவிரல் இரண்டுக்கு, மோதிரவிரல் மூன்றுக்கு, அவ்வளவுதான். ஏறி இறங்கு, பிறகு ஒழுங்கைக் குழப்பி உன் பாட்டுக்கு அலை. ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டும் ஜிதான். அதை ஒருமுறை தட்டி ஒலிக்கவிட்டு மேலே பாடினால் தம்புரா மாதிரி நிற்கும். இதிலே பிழையான சுரம் என்று ஒன்று வராது. அலுத்துப்போன கைக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

உன் குரலுக்கு ஜி, அதாவது 5 கட்டை, தாழ்வாக இருந்தால் கேப்போவை, அதாவது எல்லாக் கம்பியையும் அமத்திப் பிடிக்கும் கவ்வியை, முதலாம் ஃபிரெட்டில் போடு, 5½ கட்டை. இரண்டாவதில் போட்டால் 6 கட்டை. கேப்போவிலிருந்து எண்ணினால் விரல் வைக்கும் முறை மாறாது. பாட்டுக்குத் துணை வாசிக்க ச, ம, ப மூன்றிலும் நிற்கும் ஜி, சி, டி கோர்ட்டுகளே நிறையப் பாட்டுக்குக் காணும். புத்தகத்தைப் பார்க்காமல், வாயால் முணுமுணுத்து, எந்த இடத்தில் கோர்ட் மாறச் சொல்கிறது என்று காதால் பிடி. அப்படிப் பிடித்த ஒரு பாட்டு, பார்த்து வாசித்த பத்துப் பாட்டுக்குச் சமம்.

மாற்றும்போது தடுமாறினால் எல்லா விரலையும் தூக்குகிறாயா என்று பார். ஏ மைனரிலிருந்து சிக்குப் போக ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையவே தேவையில்லை, மோதிரவிரல் மட்டும் மூன்றாம் கம்பியிலிருந்து ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போகும். எஃப் கோர்ட் இப்போதைக்கு வேண்டாம், அதைவிட இலகுவான எஃப் மேஜர் செவன் போடு.

தாளத்துக்கு நம்முடைய ஊரிலேயே சரக்கு இருக்கு. பறங்கியர் கலியாணங்களில் ஆடும் கபிரிஞ்ஞாவைக் கேட்டிருப்பாய். ஆறு எண்ணு, ஒன்றிலும் நாலிலும் தடித்த கம்பி, மற்றதில் மெல்லிய கம்பிகளை மேலோட்டமாக அடி. வலக்கை உயிர்க்கும்.

லீவுக்கு வரும் பஸ் காரைதீவைத் தாண்டும்போது ஒன்றை நினை. அங்கே பிறந்த விபுலானந்த அடிகள், கம்பியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கை ஆராய்ந்து 1947இல் யாழ் நூல் வெளியிட்டார். அந்தக் கணக்கு உன் கிற்றாரிலும் கேட்கும்: பன்னிரண்டாவது ஃபிரெட்டின் நேர்மேலே கம்பியை அமத்தாமல் தொட்டு மீட்டு, விரலை எடு. பாதிக் கம்பி, மேல் சட்சம். ஏழாவதில் தொட்டால் அதற்கும் மேலே பஞ்சமம்.

ஞாயிறு இரண்டு மணித்தியாலம் வேண்டாம், தினமும் கால் மணித்தியாலம் போதும். வரும்போது கிற்றாரையும் கொண்டு வா, கழுத்தை இங்கே பார்ப்போம். பஸ்ஸில் மடியில் வை, கம்பியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு.

அன்புடன்,
அப்பா