தம்பிக்கு: மெர்சோவோட நின்னுடாத

அன்புள்ள தம்பி,

ஆல்பெர் காம்யுங்கற பிரெஞ்சு எழுத்தாளரோட 'அந்நியன்' நாவலப் படிச்சு முடிச்சிட்டு நீ அனுப்புன மெசேஜுக்கு வாட்ஸ்அப்ல நாலு வரியில பதில் போட மனசு வரல, அதான் இங்க எழுதறேன், உன் வயசுல இதே எடத்துல நிக்கறவங்க இன்னும் சில பேர எனக்குத் தெரியும், அவங்களும் படிக்கட்டும். "எதுக்குமே அர்த்தம் இல்லக்கா, மெல்பர்ன் வேலைக்குப் போனாலும் ஒண்ணுதான், சிங்கப்பூர்ல ஈசூன் வீட்ல அம்மாவோட இருந்தாலும் ஒண்ணுதான், நீங்க என்ன சொல்றீங்க"ன்னு கேட்டிருந்த. அந்த நாவலோட நாயகன் மெர்சோவ அவனோட முதலாளி பாரிஸ் ஆபீசுக்குப் போறியான்னு கேக்கறப்ப அவனும் இதத்தான் சொல்லுவான். அந்த எடம் உன்ன நல்லா பிடிச்சுக்கிச்சுன்னு தெரியுது.

எனக்கு மெர்சோ மேல கோவம் உண்டு. பொய் சொல்ல மாட்டான், அழுகை வராதப்ப அழுத மாதிரி நடிக்க மாட்டான், அதுக்கு மரியாதை குடுக்கறேன். ஆனா கடற்கரையில அவன் சுட்ட ஆளுக்கு அந்த நாவல்ல பேரு கூட இல்ல பாத்தியா? அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013ல ஒரு நாவல் எழுதி அந்தச் செத்தவனுக்கு மூசான்னு பேரு வச்சார், அவனோட தம்பி பேசற மாதிரி. எல்லாம் ஒண்ணுதான்னு சொல்ற ஆளு பக்கத்துல யாரோ ஒருத்தர் செத்துக் கெடக்கறாங்க, அவங்களுக்கு அது ஒண்ணு இல்ல.

காம்யுவே அங்க நிக்கலப்பா (எக்ஸிஸ்டென்ஷியலிஸ்ட், அதாவது வாழ்க்கைக்கு முன்கூட்டியே அர்த்தம் இல்ல, நாமதான் தேர்ந்தெடுத்து உண்டாக்கணும்னு சொல்றவர்ங்கற லேபிளே வேணாம்னவர் அவர், நாமதான் ஒட்டிட்டோம். நம்ம சுந்தர ராமசாமி 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலோட மொத வரியிலேயே அவரோட சாவக் கொண்டு வருவார், தமிழ்ல அவரு மேல அப்படி ஒரு பிரியம்). 'அந்நியன்' 1942, அவரோட இன்னொரு நாவல் 'கொள்ளைநோய்' 1947. அதுல கொள்ளைநோய் வந்து அல்ஜீரியாவோட ஓரான் நகரத்தப் பூட்டிடறாங்க, ராம்பேர்னு ஒரு பத்திரிகைக்காரன், வெளியூர்க்காரன், காதலிகிட்டப் போகணும்னு தப்பிக்க வழி தேடிக்கிட்டே இருப்பான். டாக்டர் ரியூ அவனத் தப்புன்னே சொல்ல மாட்டார், சந்தோஷத்த விரும்பறதுல என்ன தப்புன்னுதான் கேப்பார். கடைசியில வழி கெடைக்குது, அப்ப அவன் போகல, நான் மட்டும் சந்தோஷமா இருந்தா வெக்கமா இருக்கும்ங்கறான். யாரும் கட்டாயப்படுத்தல.

உடனே "அப்ப அம்மாவோட இருன்னு சொல்றீங்களா"ன்னு கேப்ப. இல்ல. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் 1945 அக்டோபர்ல பாரிஸ்ல பேசுன பேச்சுல ஒரு மாணவனப் பத்திச் சொல்லுவார், அண்ணன் போர்ல செத்துட்டான், அம்மாவுக்கு இவன் ஒருத்தன்தான், இங்கிலாந்து போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில சேர்றதா அம்மாவோட இருக்கறதான்னு வந்து கேக்கறான். சார்த்ர் குடுத்த பதில், நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு. பல பேருக்கு இது கல்நெஞ்சாத் தெரியுது, எனக்கு அத விடப் பெரிய மரியாதை ஒருத்தனுக்குக் குடுக்க முடியாதுன்னு தோணுது. அதோட இன்னொண்ணும் சொல்றார், யாருகிட்ட யோசனை கேக்கறதுன்னு நீ முடிவு பண்றப்பவே பாதி முடிவு பண்ணிட்டங்கறார். மாமாகிட்டப் போயிருந்தா மெல்பர்ன் போடான்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பார், அது உனக்கும் தெரியும், நீ என்கிட்ட வந்த. ஏன்னு யோசி.

படம் பாக்கறதா இருந்தா ஜப்பானிய இயக்குநர் குரசாவாவோட 'இகிரு' பாரு, 1952. வத்தனாபேன்னு ஒரு நகராட்சி அதிகாரி, முப்பது வருஷமா சீட்ட விட்டு எழுந்திரிக்காம முத்திரை குத்திக்கிட்டிருக்கறவர், வயித்துல கேன்சர்னு தெரிஞ்சதும் ஒரு சாக்கடைத் தண்ணி தேங்கற எடத்துல பிள்ளைங்களுக்குப் பூங்கா கட்டறதுக்காக ஒவ்வொரு டிபார்ட்மெண்டா போய் குனிஞ்சு நிப்பார். பனியில ஊஞ்சல் ஆடற சீன எல்லாரும் சொல்லுவாங்க. என்னை அடிச்சது அதுக்கு மறுபக்கம், அவர் செத்த எழவு வீட்ல குடிச்சிட்டு நாங்களும் அவர மாதிரி வாழ்வோம்னு சத்தியம் பண்ணுன ஆபீஸ்காரங்க மறுநாள் பழையபடி ஃபைலத் தள்ளி விடறாங்க. எதுவும் மாறல. ஆனா பூங்கா இருக்கு, பிள்ளைங்க விளையாடுது. நம்ம சிங்கப்பூர்லயே எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்' இருக்கு, தமிழ்ப் பேசற படம், 2008ல கான் திரைப்பட விழாவோட போட்டிப் பிரிவு வரைக்கும் போச்சு, குடிகார அப்பா ஒருத்தர் மகனுக்காகத் தன் உடம்பையே காசுக்கு வதைக்கக் குடுப்பார். அவர் எடுத்த முடிவு சரியான்னு இன்னும் எனக்குத் தெரியல, ஆனா அது அவரு எடுத்த முடிவு.

சார்த்ர் ரொம்ப வெறுத்தது தப்பான முடிவ இல்ல, முடிவே எடுக்கலன்னு நமக்கு நாமே சொல்லிக்கற பொய்ய. சூழ்நிலை அப்படி, தலையெழுத்து, சிங்கப்பூர்ல வேற வழியில்ல, இதெல்லாம் நம்ம வீட்ல தெனமும் கேக்கறதுதானே. அதனால மெல்பர்ன் போனா அம்மாகிட்ட "கம்பெனி அனுப்புது"ன்னு சொல்லாத, நான் போகணும்னு ஆசைப்படறேம்மான்னு சொல்லு. இருக்கறதா முடிவு பண்ணா பிற்காலத்துல ஒரு சண்டையில "உனக்காகத்தான் போகல"ன்னு அவங்க மேல எறியாத. நீ இன்னும் அம்மாகிட்ட இந்த வேலையப் பத்தியே பேசலன்னு எனக்குத் தெரியும், இந்த வாரமே பேசிடு.

அன்புடன்,
அக்கா