வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு பிளக்: சென்னை அடுக்ககச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

குடியிருப்போர் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

பெட்ரோல் காரா, மின்சாரக் காரா என்ற கேள்வி இப்போது உங்கள் பொதுக்குழுவுக்கே வந்து நிற்கிறது. தனி வீட்டுக்காரர் தானே முடிவு செய்துகொள்ளலாம். அடுக்ககத்தில் இருப்பவருக்கு மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா என்பது நீங்கள் கொடுக்கும் ஒரு பிளக்கைப் பொறுத்தது.

கணக்கைப் பாருங்கள். நெரிசலில் சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் கி.மீ.க்கு 6.70 ரூபாய். அதே அளவு மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடும். வீட்டு மீட்டரில் இரண்டு மாதப் பயன்பாடு 1000 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் யூனிட் 11 ரூபாய்க்கு மேல் போகிறது. அந்த உச்சக் கட்டணத்திலும் கி.மீ.க்கு 2 ரூபாய்தான். வெளியே வேக சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் கொடுத்து, வரிசையிலும் நின்றால் லாபத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும். வாங்கும் விலையில் 3 லட்சம் கூடுதல் என்றால், வீட்டில் சார்ஜ் செய்து மாதம் 1000 கி.மீ. ஓட்டுபவர் ஐந்து, ஐந்தரை ஆண்டில் அதை ஈடுகட்டிவிடுவார். மாதம் 300 கி.மீ.கூட ஓட்டாதவருக்குப் பெட்ரோல் கார் போதும் என்றுதான் நாங்களும் சொல்வோம்.

“பத்துப் பேர் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது” என்பது உங்கள் முதல் பயம். ஆளுக்கு ஒரு 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் பத்துக் காருக்கு 72 கிலோவாட், பயம் நியாயமானதுதான். ஆனால் தினம் 40 கி.மீ. ஓடும் காருக்குத் தேவை 7 யூனிட். சாதாரண 15 ஆம்பியர் பிளக் மூன்று மணி நேரத்தில் அதைக் கொடுத்துவிடும். டைமர் வைத்து ஐந்து ஐந்தாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் ஏறுவது 15 கிலோவாட்டுக்குள் அடங்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: மே மாதத்தில் நள்ளிரவிலும் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும். “இரவில் லோடு குறைவு” என்று யாராவது சொன்னால் அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

அனுமதி மறுத்தால் கார் வராமல் இருக்காது. முதல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இறங்கும். ஆபத்து அங்கேதான். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும். கார் மூன்று மணி நேரம் விடாமல் 13 ஆம்பியர் இழுக்கும். பிளக்கின் முள் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் உருகிக் கருகும். அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்சும் விழாது, ஏனென்றால் கரண்ட் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனி லைன் வேண்டும்: 4 சதுர மி.மீ. செப்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீடுகளில் மாட்டும், மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் அறியும் ‘ஏ.சி.’ வகை ஆர்.சி.சி.பி. இதற்கு ஆகாது; கார் சார்ஜரின் கசிவில் டி.சி. (நேர் மின்னோட்டம்) கலந்திருக்கும் என்பதால் குறைந்தது ‘ஏ’ வகை தேவை. யாராவது 7.2 கிலோவாட் சார்ஜர்தான் வேண்டுமென்றால் 32 ஆம்பியர் ஓடும், 40 ஆம்பியர் எம்.சி.பி. போட வேண்டும். மீட்டர் பலகையிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மி.மீ. கம்பி இழுத்தால் காருக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் சுமார் 10 வோல்ட் இறங்கும். 10 சதுர மி.மீ. என்றால் 6 வோல்ட்டோடு நிற்கும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

“கார் சார்ஜ் ஏறவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது” என்று புகார் வந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பழைய கட்டடங்களில் எர்த் குழி உப்பும் கரியும் காய்ந்து செத்துப்போயிருக்கும். லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு காரில் இல்லை, எர்த்திலோ நியூட்ரல் லைனிலோ என்று சந்தேகப்படுங்கள். சார்ஜிங்குக்கென்று தனி எர்த் குழி போடுவதே நல்லது.

தீப்பற்றும் பயத்தையும் நாங்கள் ஒதுக்கவில்லை. 2022-இல் அடுத்தடுத்துச் செய்தியானவை இருசக்கர வாகனங்கள். அதன்பின் அவற்றின் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 தரம் கடுமையாக்கப்பட்டது. ஆனாலும் லித்தியம் பேட்டரி பற்றினால் சின்னத் தீயணைப்பு சிலிண்டர் போதாது, நிறையத் தண்ணீர் வேண்டும். சார்ஜிங் இடத்தை மாடிப்படி வாசலுக்குப் பக்கத்தில் வைக்காமல், காற்றோட்டமுள்ள வெளிப்பக்கம் ஒதுக்குங்கள்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் சங்கங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் நின்ற உயரம் உங்கள் சுவரில் தெரியும். பிளக்கும் பெட்டியும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். தரைக்குக் கீழே உள்ள தளத்தில் வைக்கவே வேண்டாம். தண்ணீரில் நின்ற காரைச் சர்வீஸ் சென்டரில் சோதிக்காமல் பிளக்கில் மாட்டக் கூடாது என்று விதியாகவே எழுதி ஒட்டுங்கள்.

மீட்டர் விஷயம் எளிது. அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து லைன் இழுத்தால் சண்டை வராது. ஆனால் தினம் 40 கி.மீ. ஓடினால் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் கூடும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் அதற்குக் கீழுள்ள யூனிட்களின் கட்டணமும் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பும் கேட்கலாம். பொது மீட்டரிலிருந்து கொடுப்பதானால் பிளக்குக்கு ஒரு சப்-மீட்டர் கட்டாயம்.

தீர்மானம் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்து, கோடைக்காலத்தில் ஒரு வாரம், மாலை 6 முதல் காலை 6 வரை மணிக்கொரு முறை மூன்று ஃபேஸிலும் லோடு எடுங்கள். எந்த ஃபேஸில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால், எத்தனை பிளக் கொடுக்கலாம் என்ற எண் அதிலேயே வந்துவிடும். அந்தத் தாளைப் பொதுக்குழுவில் வையுங்கள்.

இப்படிக்கு,
அடுக்ககங்களில் கார் சார்ஜிங் லைன் இழுக்கும் மின்பணியாளர்கள்