மூன்றில் ஒன்றாகவும் கணினி விஞ்ஞானம் கற்கலாம்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பங்களைப் பிள்ளைகள் நிரப்பும் காலத்தில், திருகோணமலையில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம் ஆண்டுதோறும் சில பெற்றோர் வருவதுண்டு. “சேர், பிள்ளைக்குக் கம்பியூட்டர் கிடைக்குமோ?” என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. கணினி விஞ்ஞானம் என்ற தனிக் கற்கைநெறிக்கு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி எட்டாது, பௌதிக விஞ்ஞானம் கிடைக்கக்கூடும் என்று நான் சொன்னதும் முகம் வாடிவிடும். “அப்ப இன்னொருக்கா எடுக்கட்டும்” என்று எழுந்து போய்விடுகிறார்கள். அந்த முடிவைப் பற்றியே இக்கடிதம்.

பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவாகும் மாணவர், பல விஞ்ஞான பீடங்களில், கணிதம், பௌதிகவியல், புள்ளிவிபரவியல் போன்றவற்றோடு கணினி விஞ்ஞானத்தையும் தம் மூன்று பாடங்களுள் ஒன்றாகத் தெரிவு செய்யலாம் என்பது நம் வீடுகளில் போதிய அளவு தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இதற்கு வழி உண்டு. பேராதனையில் புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமும் ஒரே துறையின் கீழேயே இருக்கின்றன. உரிய பெறுபேறு பெறுவோர் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகவும் இடமுண்டு. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமையின்படியும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்பட, திருகோணமலை உள்ளிட்ட பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென மேலும் 5 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. இத்தனைக்குப் பிறகும் சில தசமங்களால் தவறவிட்ட பிள்ளையை, ஒரு பெயருக்காக, மூன்றாம் முறையும் ரியூசன் வகுப்பில் இருத்துவதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. மறுபுறம், கோணேசபுரியில் நம் வீட்டு வாசலிலேயே கணினி விஞ்ஞானப் பட்டநெறியை நடத்தும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தை, அருகில் இருப்பதாலேயே மட்டமாக எண்ணி, தெரிவு ஒழுங்கின் அடியில் எழுதுவோரையும் கண்டிருக்கிறேன்.

இக்குழப்பத்தின் வேர், கணினியைப் பயன்படுத்துவதையும் கணினி விஞ்ஞானத்தையும் ஒன்றென எண்ணுவதில் இருக்கிறது. அகர வரிசையில் அடுக்கிய 10 இலட்சம் பெயர்களுள் ஒன்றைத் தேடவேண்டுமாயின், நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியை விலக்கி, எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்துகொண்டு போனால், 20 ஒப்பீடுகளுக்குள் விடை கிடைத்துவிடும். ஏன் 20 போதும் என்பதை நிறுவுவதற்கு உயர்தரத்தில் நாம் கற்பிக்கும் கணிதத் தொகுத்தறிவும் மடக்கையும் போதும். கணினியைத் தொடவே வேண்டியதில்லை. அலன் ரியூறிங் 1936 இல், இலத்திரனியற் கணினி எதுவும் இல்லாத காலத்தில், எதைக் கணிக்க முடியும், எதை முடியாது என்று ஆராய்ந்ததும் கணிதவியலாளராகவே. 1970 இல் கணினி விஞ்ஞானி எட்கர் கொட் முன்வைத்த, தரவுகளை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் தொடர்புசார் தரவுத்தள மாதிரி, கணிதத்தில் தொடை (set) என்ற எண்ணக்கருவின் மேல் எழுப்பப்பட்டது. இன்றும் வங்கிகளின் கணக்குகள் பெரும்பாலும் அவ்வகைத் தரவுத்தளங்களிலேயே பேணப்படுகின்றன. ஆகவே இணைந்த கணிதத்தில் திறமையுள்ள பிள்ளை, இத்துறைக்கு ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது.

தம்பலகாமத்தைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் கணிதம், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம் ஆகிய மூன்றையும் கற்று, இப்போது தரவுப் பகுப்பாய்வுத் துறையில் பணியாற்றுகிறார். நிரல் எழுதுபவர் தம் அலுவலகத்தில் பலர் உண்டென்றும், அந்த எண்களை நம்பலாமா என்று கேட்கத் தெரிந்தவர் குறைவென்றும் அண்மையில் அவர் சொன்னார். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இப்படிப்பு எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கும் அதையே எடுத்துச் சொல்கிறேன்.

மொழிச் சிக்கலை நான் மறைக்க விரும்பவில்லை. தொடை, சார்பு (function), தாயம் (matrix) என்று தமிழில் கற்றுத் தேர்ந்த பிள்ளை, முதலாம் ஆண்டில் அவற்றையே ஆங்கிலத்தில் கேட்டுத் திகைக்கிறது. பாடம் விளங்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறது. விளங்காதது பெரும்பாலும் சொல்லே. அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில், உயர்தரக் கணிதக் கலைச்சொற்களை இருமொழியிலும் ஒரு கொப்பியில் எழுதிப் பழகினால் பாதிச் சுமை இறங்கும். கலை, வர்த்தகத் துறை மாணவர்க்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்திவரும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும் ஒரு வழியாகும். ஆனால் அதற்குத் தனித்துப் படிக்கும் உறுதி வேண்டும்.

தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும், ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தெரிவாகத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளியைக் காட்டும் வெட்டுப்புள்ளி அட்டவணையைத் தவறாது வெளியிடுகிறது. அதன் அருகில், எந்தெந்த விஞ்ஞான பீடங்களில் கணினி விஞ்ஞானத்தை மூன்றில் ஒரு பாடமாகக் கற்கலாம், எவ்வெவற்றோடு சேர்த்துக் கற்கலாம் என்ற விபரத்தையும் பீடங்களிடம் கேட்டுப் பெற்று, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னரே வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.