கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க் கண்காட்சி என்பது வெள்ளைக்காரர்களும் பங்களாக்காரர்களும் வைத்துக்கொண்ட பொழுதுபோக்கு, அதில் நம் ஆட்களுக்கு என்ன வேலை என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார். வேலை இருந்தது ஐயா. நிறையவே இருந்தது. பெயர்தான் இல்லை. அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வுபெற்ற தாதி, நாய் என்று யாராவது பேச்செடுத்தால் நான் லேசில் விடமாட்டேன் என்று என் மகளே சொல்வாள்.

என் அப்பா சிங்கப்பூரின் செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஒரு துரை வீட்டில் வேலை பார்த்தார். சம்பளக் கணக்கில் தோட்டக்காரர். உண்மையில் அந்த வீட்டு அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்டு) நாய்களுக்கு எல்லாமே அவர்தான். விடிவதற்கு முன் திடலில் ஓட்டம், திரும்பி வந்ததும் சீப்பு, அப்புறம் சாப்பாடு. பங்களாவுக்குப் பின்னால் தனியாக ஓர் அடுப்பு மூட்டி மாட்டிறைச்சியையும் அரிசியையும் வேகவைப்பார். அந்தச் சட்டி எங்கள் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்பாவும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படியும் பிடரியில் இரண்டு முடி ஒட்டியிருக்கும். அம்மா அதை விரலால் எடுத்து அவர் கண்முன் காட்டிவிட்டுத்தான் சோறு போடுவார்.

அந்த நாய்களில் டச்சஸ் என்று ஒருத்தி. அப்பா வாயில் அவள் 'டச்சி'. துரைசானி அவளைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோவார். அப்போது அவற்றை நடத்தியது மலாயன் கென்னல் அசோசியேஷன், 1925ல் தொடங்கிய சங்கம். சிங்கப்பூருக்கென்று தனிச் சங்கம் 1970களில்தான் வந்தது.

நாய்க் கண்காட்சியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவர் ஒரு நாயை இன்னொரு நாயோடு ஒப்பிடுவதாகத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் எழுதிவைத்த இலக்கணம் ஒன்று உண்டு. நிற்கிற நாய்களில் எது அதற்கு நெருங்கி வருகிறது என்பதுதான் அவர் போடும் கணக்கு. அல்சேஷன் பெட்டை என்றால் தோள் உயரம் 55 முதல் 60 சென்டிமீட்டர், கடுவன் என்றால் 60 முதல் 65. வாயைத் திறந்து பார்ப்பார். வளர்ந்த நாய்க்கு 42 பல் இருக்க வேண்டும், மேல்வரிசை கீழ்வரிசைக்குச் சற்று முன்னால் ஒட்டி மூட வேண்டும். முதுகைத் தடவுவார், தொடையை அழுத்துவார், பிறகு ஓடவிட்டு நடையைப் பார்ப்பார். முன்பின் தெரியாத ஒருவர் வாய்க்குள் விரலை விட்டால் எந்த நாய் சும்மா இருக்கும்? டச்சி சும்மா இருந்தாள். ஏனென்றால் அவள் குட்டியாக இருந்தபோதிலிருந்து அப்பா தினமும் விரலில் துணியைச் சுற்றி அவள் ஈறைத் தேய்த்துவிடுவார். போகிற வருகிறவர்களையும் கூப்பிட்டுத் தேய்க்கச் சொல்வார். தபால்காரர்கூடத் தேய்த்திருக்கிறார்.

கண்காட்சி அன்று, நாய்களை நிறுத்திப் பார்க்கச் சுற்றிலும் கயிறு கட்டிய வளையத்துக்குள் துரைசானிதான் டச்சியைப் பிடித்துக்கொண்டு போவார். அப்பா வளையக் கயிற்றுக்கு வெளியே, ஆட்களோடு ஆளாக நிற்பார். நடுவர் டச்சியின் பக்கம் திரும்பும்போது சட்டைப் பையில் உள்ள சாவிக்கொத்தை மெல்லக் குலுக்குவார். அவ்வளவுதான், அவள் காது இரண்டும் விறைத்து நிமிரும், கழுத்து நீளும், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். விதிப்படி இது கூடாது. வெளியிலிருந்து யாரும் நாயின் கவனத்தை இழுக்கக்கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. அல்சேஷன்காரர்கள் அதை உலகம் முழுவதும் மீறுவதும் தெரிந்த கதைதான். அதனால் அப்பாவின் கைங்கரியத்தை வெளியே சொல்லவும் முடியாது. கோப்பையில் துரைசானியின் பெயரும் டச்சஸின் பெயரும் பொறிக்கப்பட்டன.

அந்த நாள் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. துரைசானி கோப்பையோடு சிரிக்கிறார். டச்சி இலக்கணப்படி ஒரு பின்னங்காலைப் பின்னால் நீட்டி நிற்கிறாள். படத்தின் ஓரத்தில், அவள் வாலைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிகிறது, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அப்போது கான்பரா சாலைப் பக்கம் இருந்து, இப்போது ஈசூன் தொழிற்பேட்டைக்கு இடம் மாறிவிட்ட பாலசுப்பிரமணியர் கோயிலில் கட்டிய கயிறு அது. படத்தின் பின்புறம் ஆங்கிலத்தில் துரைசானியின் பெயர், நாயின் பெயர், 1969 என்ற ஆண்டு. கைக்குச் சொந்தக்காரர் பெயர் இல்லை.

1971ல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு ஒரு நாயைக் கொண்டுபோனால் ஆறு மாதம் தனிமைக் காப்பில் வைப்பார்கள். வெறிநாய்க்கடி நோய் பயம். செலவு ஒரு பக்கம், வயதான நாய் அந்த ஆறு மாதத்தைத் தாங்குமா என்பது இன்னொரு பக்கம். பல வீடுகளில் மருத்துவரைக் கூப்பிட்டு ஊசி போட்டுவிட்டார்கள். எங்கள் துரைசானி அதைச் செய்யவில்லை, அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. டச்சியை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். அவளுடைய வம்சப் பத்திரத்தையும் கொடுத்தார். கோப்பைகள் மட்டும் கப்பலேறிவிட்டன. சோங் பாங்கில் எங்கள் கம்பத்து (கிராமத்து) வீட்டில்தான் டச்சி கடைசிவரை இருந்தாள். ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தோம். அம்மாதான் மஞ்சள் துணி எடுத்துக் கொடுத்தார். சட்டியை உள்ளே விடாத அதே அம்மா.

பிறகு கம்பம் போய் ஈசூனில் அடுக்குமாடி வீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பொதுவாக அனுமதி உள்ள சிறிய இன நாய் ஒன்றே ஒன்றுதான் வளர்க்கலாம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அல்சேஷனுக்கு வழியில்லை. அப்பா சில ஆண்டுகள் நாய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகி, கல்யாணமும் ஆகி, கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒரு மினியேச்சர் ஷ்னவுசர் குட்டி வாங்கினேன். மிளகும் உப்பும் கலந்த நிறம், அதனால் மிளகு என்று பெயர். அப்பா பார்த்துவிட்டு, "மீசை வைத்த எலி" என்றார். மறுநாள் காலையில் நான் இரவுப் பணி முடிந்து வந்தபோது, விரலில் துணியைச் சுற்றி அதன் ஈறைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஷ்னவுசரைக் கண்காட்சிக்குத் தயார் செய்வது லேசான காரியமில்லை. முதுகு முடி கம்பி மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். மெஷினால் வெட்டினால் நாளடைவில் மென்மையாகி நிறமும் வெளுத்துவிடும். அதனால் முடியைக் கையால் பறிக்க வேண்டும். விரல் நுனியில் சாக்பீஸ் பொடி தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாலைந்து முடியாகப் பிடித்து, வளர்ந்த திசையிலேயே இழுத்தால் முற்றிய முடி தானாக வந்துவிடும். முற்றாததை இழுத்தால் நாய் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையிலேயே கற்றுக்கொள்ளலாம். பறித்த இடத்தில் புது முடி சரியான நீளத்துக்கு வர இரண்டு மாதம் பிடிக்கும், ஆகவே கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி நாள் எண்ண வேண்டும். நானும் அப்பாவும் பின்வாசல் ஓரமாகப் பழைய நாளிதழை விரித்து (ஆசிரியர் மன்னிக்க வேண்டும், உங்கள் நாளிதழ்தான்) ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து பறிப்போம். வானொலி பாடிக்கொண்டிருக்கும். அவர் பக்கம்தான் எப்போதும் சீராக இருக்கும்.

பணக்காரர் விளையாட்டு என்று எழுதிய வாசகருக்கு ஒரு விஷயம். நான் தாதி, என் கணவர் பேருந்து ஓட்டுநர். மிளகுவைக் குளிப்பாட்டியது எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் வாளியில். நடக்கப் பழக்கியது புளோக்குக்குக் கீழே உள்ள வெற்றுத் தளத்தில், மேசை நாற்காலிகள் காலியான பிறகு. மின்தூக்கியில் மலாய் முஸ்லிம் குடும்பம் நின்றால், நாய் பட்டால் அவர்களுக்குச் சங்கடம் என்று அடுத்ததற்குக் காத்திருப்போம். அவர்களும் நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் அனுப்பத் தவறியதில்லை.

முதல் கண்காட்சியில் நான் வளையத்துக்குள், அப்பா கயிற்றுக்கு வெளியே. நடுவர் எங்களை நெருங்கியதும் பழைய பழக்கம், சாவி குலுங்கியது. வளையத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர் வந்து, "அங்கிள், அப்படிச் செய்யக்கூடாது" என்றார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தாயா, இந்தக் காலத்துப் பையன் கண்டுபிடித்துவிட்டான், அந்தக் காலத்தில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார். பரிசா? ஒரு ரிப்பன் கிடைத்தது. பிற்பாடு கோப்பையும் கிடைத்தது. அதை விவரித்தால் தற்பெருமையாகிவிடும்.

கண்காட்சி உலகத்தைக் குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. அந்த வாசகர் அதைக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லத் திணறியிருப்பேன். அழகு என்று நினைத்து அல்சேஷனின் முதுகைச் சரித்துக்கொண்டே போய் இடுப்பைக் கெடுத்தவர்கள் உண்டு. நம் ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2005ல் தபால்தலை போட்டார்கள், என் ஆல்பத்தில் இருக்கிறது. அந்தப் பால்வெள்ளை நிறத்துக்கும் ரோஜா நிற மூக்குக்கும் ஆசைப்பட்டு நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இனம் சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. சிங்கப்பூர் 1953லிருந்து வெறிநாய்க்கடி இல்லாத நாடு, ஆகவே இந்தியாவிலிருந்து ஒரு ராஜபாளையத்தைக் கொண்டுவர ஊசி, இரத்தப் பரிசோதனை, தனிமைக் காப்பு என்று பெரிய படலம். கொண்டுவந்தாலும் அந்த உயரத்துக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. சரி, அது வேறு கதை.

மிளகு போன பிறகு அதன் நாய் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்று தகவல் அனுப்பினேன். காரணம் கேட்கும் இடத்தில் இறப்பு என்று குறிப்பிட்டதும் வேலை முடிந்துவிட்டது. பிறகு சுக்கு வந்தாள், அவளும் போனாள். இரண்டு பேரின் அஸ்தியும் பூசையறைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. உள்ளே வைக்க என் மாமியார் ஒப்பவில்லை, வெளியே வைக்க எனக்கு மனசில்லை, ஆகவே பக்கத்தில். வருசத்துக்கு ஒரு தரம் எடுத்துத் துடைக்கும்போது டச்சியின் வம்சப் பத்திரத்தையும் பிரித்துப் பார்ப்பேன். தாய் தகப்பன், அவர்களைப் பெற்றவர்கள், அவர்களையும் பெற்றவர்கள் என்று மூன்று தலைமுறை, 14 பெயர்கள், அச்சடித்தபடி அப்படியே இருக்கிறது. என் அப்பாவின் தாத்தா பெயர் என்ன என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவும் தெரியாமலே போய்விட்டார்.

இதைச் சொல்லி அழுவதற்காக நான் கடிதம் எழுதவில்லை. ஒரு வேண்டுகோள் இருக்கிறது. செம்பவாங், சிலேத்தார், தெங்கா பக்கத்துப் படைத்தளங்களிலும் பழைய பங்களாக்களிலும் நாய், குதிரை பார்த்துக்கொண்ட நம் ஆட்கள் என் அப்பா ஒருவர் மட்டும் இல்லை. எங்கள் வரிசை வீடுகளிலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இன்று என் வயது இருக்கும். வீட்டில் ஏதோ ஒரு பிஸ்கட் டின்னில் படங்கள் கிடக்கும். வெள்ளைக்காரப் படம் என்று தூக்கிப் போட்டுவிடாமல், ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். ஆசிரியர் அவர்கள் மனது வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கம் ஒதுக்கினால் அவற்றை வெளியிடலாம். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015லிருந்து இருக்கிறது, அங்கும் காட்டிக் கேட்கலாம். என்னிடம் உள்ள படங்களை மகள் ஸ்கேன் செய்து உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புவாள்.

படத்தின் பின்னால் எழுதுகிறவர்கள் பேனாவைத் தொட வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். டேப் ஒட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி, ஈசூன்